டெட்லாக் எப்போது வரும்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வால்வ் நிறுவனம் இன்னும் முறைப்படி வெளியிடாத டெட்லாக் என்ற கணினி ஆட்டத்தை 2024 செப்டம்பரிலிருந்து ஆடி வருகிறேன். அதற்கு முன்னால் பத்து வருடம் அதே நிறுவனத்தின் டோட்டா 2. எப்போது வருகிறது, எப்படி உள்ளே நுழைவது, இப்போதே கற்றுக்கொண்டால் வீணாகுமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. வந்த கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, இது ஷூட்டரா, டோட்டா மாதிரியா? வீடியோ பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

பதில்: இரண்டும்தான் தம்பி. அதனால்தான் பார்க்கும்போது தலை சுற்றுகிறது. ஒரு பக்கம் 6 பேர், எதிர்ப்பக்கம் 6 பேர். கேமரா உங்கள் ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். கையில் துப்பாக்கி, கூடவே நாலு சக்திகள். பழைய நியூயார்க்கில் பேயும் மந்திரமும் புழங்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஊர். இரண்டு தளங்களை இணைக்கும் பாதைகளான லேன்களுக்குக்கூட பிராட்வே, யார்க் என்று அந்த ஊர்த் தெருப் பெயர்கள். லேன் வழியாகச் சிறு படைவீரர்கள் நடந்து வருவார்கள். அவர்களோடு சேர்ந்து எதிரியின் கார்டியன் என்ற காவலை உடைக்க வேண்டும், அப்புறம் அதைவிடப் பெரிய வாக்கர், கடைசியில் எதிரியின் தளத்தில் இருக்கும் பேட்ரன். பேட்ரன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது சோல்ஸ், அதாவது ஆட்டத்துக்குள் பொருள் வாங்கும் காசு, சேர்க்கும் விதம். படைவீரன் செத்ததும் ஒளி உருண்டை ஒன்று மேலே எழும்பும். அதை நீங்கள் சுட்டால் சோல்ஸ் உங்களுக்கு. எதிரி முந்திக்கொண்டு சுட்டால் உங்கள் பங்கில் கை வைத்துவிடுவான். டோட்டாவில் கடைசி அடியை அடித்துக் காசு எடுப்பது (லாஸ்ட் ஹிட்), எதிரிக்கு அது கிடைக்காமல் தடுப்பது (டினை) என்று இருந்ததைக் குறிபார்த்துச் சுடும் போட்டியாக மாற்றிவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் எதிரியைச் சுடுவதா, உருண்டையைச் சுடுவதா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீடியோவில் இது சும்மா மினுக்கலாகத் தெரியும். கையில் மவுஸ் இருந்தால்தான் விளங்கும்.

கேள்வி: ரிலீஸ் தேதி என்ன? இந்த வருடம் வந்துவிடுமா?

பதில்: தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. யாராவது உறுதியாக ஒரு மாதத்தைச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இந்தக் காத்திருப்பை நான் குறையாகப் பார்க்கவில்லை. காரணம் சொல்கிறேன். 2024 மே மாதமே படங்கள் கசிந்துவிட்டன. ஆகஸ்ட் 12 அன்று தி வெர்ஜ் இதழ் விரிவாக எழுதியது. வால்வ் அப்போதும் வாய் திறக்கவில்லை. அறிவிப்பே இல்லாத ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 89,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்றுதான் தங்கள் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்தார்கள். அதிலும் டிரெய்லர், விழா எதுவும் இல்லை. ஆரம்பக்கட்டத்தில் இருக்கிறது, ஓவியங்கள் பல தற்காலிகமானவை, ஆட்டமுறை சோதனையில் இருக்கிறது என்று எழுதினார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதமே எண்ணிக்கை 1,71,000ஐத் தாண்டியது.

அதே ஆகஸ்ட் 23 அன்றுதான் சோனியின் கான்கார்ட் என்ற ஷூட்டர் 40 டாலர் விலைக்கு, விளம்பரத்தோடு கடைக்கு வந்தது. செப்டம்பர் 6 அன்று அதை மூடிவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல வருடம் உழைத்தவர்களின் ஆட்டம் இரண்டே வாரத்தில் போனது, எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் கையில் கொடுத்துப் பார்க்காமல் ஒரு போட்டி ஆட்டத்தை முடித்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

வால்வும் இதைச் சூடு பட்டே கற்றுக்கொண்டது என்பேன். 2018 நவம்பரில் வந்த ஆர்டிஃபேக்ட் சீட்டாட்டத்தைச் சில மாதங்களிலேயே ஆட்கள் விட்டுப்போனார்கள். 2021 மார்ச்சில் அதன் வேலையையே நிறுத்திவிட்டார்கள். மாறாக டோட்டா 2 பல மாதம் பீட்டாவிலேயே கிடந்து, 2013 ஜூலையில்தான் முறைப்படி வெளியானது. இன்றும் ஆடுகிறோம். டெட்லாக் அந்த வழியில் போகிறது. நிதானமாக வரட்டும்.

கேள்வி: இன்வைட் எப்படிக் கிடைக்கும்? ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். உள்ளே நுழையத் தேவைப்படும் இந்த இன்வைட் (அழைப்பு) இலவசம். ஏற்கெனவே ஆடுகிற ஒருவர் ஸ்டீமில் உங்கள் நண்பர் பட்டியலில் இருந்தால், அவர் ஆட்டத்துக்குள்ளிருந்தே அனுப்பலாம். உடனே வராது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். கீ என்று ஒன்றை விற்கிறார்கள் என்றால் அது ஏமாற்று வேலை. உங்கள் ஸ்டீம் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபோனில் வருமா? பிளேஸ்டேஷனில்?

பதில்: பிசிக்கு மட்டுமே இருக்கிறது. மற்றவை பற்றி அறிவிப்பு எதுவும் இல்லை.

கேள்வி: பத்து வருடமாக டோட்டா ஆடியவன். இப்போதே ஆரம்பித்தால், நாளைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் கற்றது வீண்தானே?

பதில்: இந்தப் பயம் எனக்கும் இருந்தது. 2025 பிப்ரவரியில் நாலு லேன் இருந்த மேப்பை மூன்று லேனாக்கினார்கள். ஒரே இரவில் ஊர் மாறிப்போனது. வழக்கமாகத் திரும்பும் முனை இல்லை, ஒளிந்துகொள்ளும் மாடி இல்லை. மே மாதம் ஆட்டத்துக்குள் இருக்கும் கடையையே புரட்டிப் போட்டார்கள். 500 சோல்ஸில் ஆரம்பித்த ஐட்டம் விலை 800 ஆனது, அதற்கு மேல் 1600, 3200, 6400 என்று இரட்டிப்பாகப் போகிறது. எதை எந்த வரிசையில் வாங்குவது என்று முன்பு மனப்பாடமாக வைத்திருந்த பில்ட் எல்லாம் குப்பைக்குப் போனது.

சரி, எது மிஞ்சியது? உருண்டையைச் சுடும் கை மிஞ்சியது. ஓடிக் குதிக்கத் தேவையான ஸ்டாமினாவை எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் மிஞ்சியது. டேஷ், சறுக்கல், சுவரேற்றம், காற்றிலேயே இன்னொரு குதி, எல்லாம் விரலில் ஊறிவிட்டன. முக்கியமாக பாரி. எதிரி பலமாக ஓங்கிக் குத்த வரும்போது சரியான நொடியில் தடுத்தால் அவன்தான் திகைத்து நிற்பான். அந்த நொடியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எந்த பேட்சும் (ஆட்டத்தை மாற்றும் புதுப்பிப்பு) அதை என்னிடமிருந்து பறிக்கவில்லை. ஆகவே பில்ட் மனப்பாடத்தைத் தள்ளிவையுங்கள், நடமாட்டத்தைப் பழகுங்கள். டோட்டா ஆடியவர்களுக்கு மேப் அறிவு இருக்கும், காலும் கையும்தான் தடுமாறும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் என்று வந்தது. 2025 ஜனவரியில் அந்தக் கால அட்டவணையை விட்டுவிட்டு, பெரிய மாற்றங்களைத் தயாரானபோது விடுவதாகச் சொன்னார்கள். நடுவில் ஒரு மாதம் அமைதியாக இருந்தால் ஆட்டம் செத்துவிட்டது என்று பதற வேண்டாம்.

கேள்வி: மூன்று ஹீரோவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எனக்குப் பிடித்தவன் மட்டும் வருவதே இல்லை. ஏன்?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! ஒரு மேட்சில் 12 பேர். ஒரே ஹீரோ இரண்டு பேருக்குக் கிடையாது. ஒவ்வொருவரும் விருப்பப் பட்டியல் கொடுக்கிறார்கள். யாருக்கு எதைக் கொடுத்தால் மொத்த மனக்குறை குறைவாக இருக்கும்? கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது, வரவேற்பு, கணக்கு, வண்டி ஏற்பாடு என்று வேலைகளை மாமா மச்சானுக்குப் பிரித்துக்கொடுப்பது மாதிரி. ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு முதலில் வந்தவருக்கு முதல் வேலை என்று கொடுத்தால், கடைசியில் நிற்பவர் தலையில் யாருக்கும் வேண்டாத வேலை வந்து விழும்.

கணிதத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, ஹங்கேரிய முறை என்று பெயர். 1955இல் ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வெளியிட்டார். கோனிக், எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியர்களின் வேலை மேல் கட்டியது என்பதால் அந்தப் பெயரை அவரே வைத்தார். 2024 அக்டோபரில் வால்வ் பொறியாளர் ஃப்ளெட்சர் டன், டெட்லாக்கில் ஹீரோக்களை ஒதுக்க இந்த முறைக்கு மாறிவிட்டதாகவும், அதைத் தனக்குக் காட்டியது சாட்ஜிபிடி என்றும் வெளிப்படையாகவே எழுதினார். இப்படி அடுப்பங்கரையைத் திறந்து காட்டும் ஆட்டத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். எல்லாரும் விரும்பும் ஹீரோக்களையே மூன்று இடத்திலும் போட்டால் கிடைப்பது கடினம். ஒருவனை ஊருக்கே பிடித்தவனாக வைத்து, மற்ற இரண்டையும் கூட்டம் குறைந்த இடத்திலிருந்து எடுங்கள்.

கேள்வி: முதலில் எந்த ஹீரோ? துப்பாக்கி ஆட்டம் எனக்குப் புதிது.

பதில்: குறி சரியாக வராது என்றால் மெக்கினிஸ். அவள் வைக்கும் சிறு டரெட்டுகள் தானாகவே குறிபார்த்துச் சுடும், நீங்கள் மேப்பைப் பார்க்க நேரம் கிடைக்கும். பிங் அதிகமாக, அதாவது தாமதமாக வேலை செய்யும் இணைய இணைப்பு என்றாலும் இவளே நல்லவள், நொடிக்கணக்கில் அவசரப்பட வேண்டியதில்லை. கிட்டப்போய்ச் சண்டை போடப் பிடிக்குமானால் ஏப்ரம்ஸ். ஆள் காளை மாதிரி ஓடி எதிரியைச் சுவரில் மோதுவான், அடித்த அடியிலேயே தன் உயிரையும் ஏற்றிக்கொள்வான். டோட்டாவில் பட்ஜ் என்ற ஹீரோவை வைத்துக் கொக்கி போட்டவர்கள் பீபாப்பிடம் போகலாம், அதே சுகம் இங்கேயும் உண்டு. ஹேஸ் பார்க்க எளிது, ஆனால் குறி தெரியாமல் எடுத்தால் டீமுக்குச் சுமை.

கேள்வி: புது ஹீரோக்கள் வந்தார்களாமே?

பதில்: 2025 ஆகஸ்டில் ஆறு பேர்: மீனா, பில்லி, பெய்ஜ், விக்டர், டிரிஃப்டர், டோர்மேன். யார் முதலில் வர வேண்டும் என்பதை ஆடுபவர்களின் வாக்குக்கே விட்டார்கள். 2026 ஜனவரியில் இன்னும் ஆறு பேர், கூடவே 4 பேருக்கு 4 பேர் மோதும் ஸ்ட்ரீட் பிரால். நீண்ட மேட்சுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வாசல். டோர்மேன் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒரு கதவை இங்கே வைத்து இன்னொன்றை அங்கே வைப்பான், தப்பி ஓடியவன் திரும்பிப் பார்த்தால் நாம் முன்னால் நிற்போம்.

கேள்வி: ஏமாற்று ஆட்டக்காரர்கள் தொல்லை எப்படி?

பதில்: இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கொண்டுவந்த தண்டனை எனக்கு மிகவும் பிடித்தது. மேட்ச் நடக்கும்போதே ஒருவன் பிடிபட்டால், உடனே தடை செய்வதா, அல்லது மேட்ச் முடியும்வரை தவளையாக மாற்றிவிட்டு அப்புறம் தடை செய்வதா என்று எதிரணியே வாக்களிக்கலாம். அந்த மேட்ச் யார் கணக்கிலும் சேராது. என் மேட்சில் ஒருமுறை நடந்தது. தவளையைச் சுற்றி நின்று இரண்டு அணியும் சேர்ந்து சிரித்தோம். பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம், ரிப்போர்ட் செய்யச் சோம்பல்படாதீர்கள்.

கேள்வி: நான் பெண். குரல் கேட்டதும் பேசுகிற பேச்சைக் கேட்டு வேறு ஆட்டங்களை விட்டுவிட்டேன். இங்கே எப்படி?

பதில்: இங்கே மட்டும் எல்லாரும் நல்லவர்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குரல் இல்லாமலே ஆட முடிகிறது. ஆபத்து, இந்த லேனுக்கு உதவி, எதிரி காணவில்லை, எல்லாவற்றையும் திரையில் தேர்ந்தெடுக்கும் செய்திச் சக்கரத்தில் (இதையும் பிங் என்பார்கள்) சொல்லிவிடலாம். ஒருவன் வாய் சரியில்லை என்றால் முதல் சொல்லிலேயே மியூட், விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தெரிந்த இரண்டு பேரோடு சேர்ந்து போனால் இன்னும் நல்லது. கூட இருக்கும் ஆண்களுக்கும் ஒன்று: அப்படிப் பேசுகிறவனை முதலில் அதட்ட வேண்டியது நாம்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் அண்ணா. இப்போதே தீவிரமாக ஆடினால் ரிலீஸ் ஆகும்போது புரோ ஆகலாமா?

பதில்: உன் ஆசை எனக்குப் புரிகிறது தம்பி. டோட்டா 2 வெளியாவதற்கு முன்பே, 2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் 16 அணிகளை அழைத்து அதன் பெரிய போட்டியான தி இன்டர்நேஷனலை முதன்முதலாக நடத்தினார்கள். வென்ற நாவி அணிக்கு 10 லட்சம் டாலர். பீட்டாவில் ஆடியவர்கள் மேடை ஏறினார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் கனவு கண்டேன்.

ஆனால் டெட்லாக்குக்கு அப்படி ஒரு போட்டியை வால்வ் அறிவிக்கவில்லை. தேதியே இல்லாத ஆட்டத்தை நம்பி, தேதி குறித்துவிட்ட பொதுத்தேர்வைத் தள்ளாதே. மார்ச் முடியட்டும். அதுவரை வாரக்கடைசியில் இரண்டு மேட்ச் போதும், கை மறக்காது. தேர்வு முடிந்ததும் சொல், இன்வைட் நானே அனுப்புகிறேன்.

கேள்வி: ரிலீஸ் ஆன பிறகு எதை மிஸ் செய்வீர்கள்?

பதில்: இப்போதே செய்கிறேன். நாலு லேன் இருந்தபோது இரண்டு லேனில் இரண்டிரண்டு பேர், மற்ற இரண்டில் ஒவ்வொருவர் தனியாக நிற்போம். மூன்று லேன் ஆனதும் எல்லா இடத்திலும் ஜோடி, தனி லேன் போய்விட்டது. ஆட்டத்துக்கு அது நல்லது, தனியாக மாட்டிக்கொண்டு தோற்கும் புதியவர்கள் குறைந்தார்கள். ஆனாலும் எதிரே ஒரே ஒருவன், நான் ஒருவன், நடுவில் எழும்பும் உருண்டைகள், பேச்சே இல்லாமல் பத்து நிமிடம் ஒருவரை ஒருவர் படித்துக்கொண்டிருப்போம். மேட்ச் முடிந்ததும் அப்படி எதிரே நின்ற ஒருவர் எனக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினார். எங்களுக்குப் பொதுவான மொழி கிடையாது. இன்றும் வாரம் ஒருமுறை சேர்ந்து ஆடுகிறோம்.