மாரத்தான் பயிற்சிக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரை உதவுமா?

மாரத்தானுக்குத் தயாராகும்போது தினமும் இந்த மாத்திரைகளைப் போட்டால் ஓட்டம் மேம்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேம்படாது, கொஞ்சம் கெடுக்கவும் கூடும்.

ஓடும்போது தசைகளில் ஃப்ரீ ரேடிக்கல்கள், அதாவது செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள், உருவாவது உண்மைதான். ஆனால் அவை வெறும் கழிவு அல்ல. 'வேலை கூடிவிட்டது, இன்னும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதி) வேண்டும்' என்று தசைக்குச் சொல்லி அனுப்புவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. சி, ஈ மாத்திரைகள் ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்குவதால் அந்தக் குரலையும் அமுக்கிவிடுகின்றன. 2014-இல் வெளியான நார்வே ஆய்வில் 54 பேர் 11 வாரம் பயிற்சி எடுத்தார்கள். ஓர் அணிக்குத் தினமும் 1000 மி.கி. சி, 235 மி.கி. ஈ. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரண்டு அணியிலும் ஒரேபோல்தான் உயர்ந்தது. ஆனால் மாத்திரை போட்டவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அறிகுறிகள் மங்கின. காசு கொடுத்துப் பயிற்சியின் பலனைக் குறைத்துக்கொள்வானேன்?

அப்புறம் பக்கவிளைவுகள். சி ஒரு நாளைக்கு 2000 மி.கி.யைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈ அதிகமானால் ரத்தம் உறைவது தாமதமாகும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து. புகைபிடிப்பவர் என்றால் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) மாத்திரைப் பக்கமே போகாதீர்கள். 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில் அந்த மாத்திரை எடுத்த புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். நான் சொல்வது மாத்திரையை மட்டும்தான்.