திருப்பிக் கொண்டுவந்த மூன்று கிலோ தூள்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் இணுவில் பக்கம் சின்ன மில் ஒன்று நடத்துகிறோம். மாவும் தூளும் திரித்துக் கொடுப்பதுதான் தொழில். நீண்ட நாள் வாடிக்கையான ஒரு அம்மா, கனடாவில் இருக்கிற மகளுக்கு அனுப்பவென்று மிளகாய்த்தூள் திரிக்கத் தந்தார். மூன்று கிலோ அளவு. மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, தூளில் மா கலந்திருக்கிறது, நிறையும் குறைவு என்றார். கணவர் "எங்கட பிழை இல்லை" என்று அனுப்பிவிட்டார். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வரும் என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் வந்து குறை சொல்கிற எல்லோருக்கும் நட்டஈடு கொடுத்தால் எங்கள் மில் தாங்குமா?

வாசகி, இணுவில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்வாருங்கள். மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.

உங்கள் கணவர் அன்றைய திரிகூலியை மட்டும் கணக்குப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு 6 தடவை, 10 வருஷத்தில் 60 தடவை. இது தூளுக்கு மட்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசிமா, பேரப்பிள்ளை பிறந்தால் சத்துமா, எல்லாம் இதற்கு மேலே. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் திரும்பும்போது பெட்டியில் தூள் இல்லாமல் போவதில்லை. "எங்கை திரிச்சனீங்கள்?" என்று அவர்கள் கேட்கும்போது அந்த அம்மா என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் உங்கள் மில்லின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது.

இன்னொன்று. பக்கெற் தூள் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் அவர் ஏன் செத்தல் மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் தன் கைப்பக்குவத்தில் வறுத்து உங்களிடம் சுமந்து வருகிறார்? உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. மெசினுக்குள் நடப்பதை அவரால் பார்க்க முடியாது, உங்களை நம்பித்தான் கொட்டுகிறார். அந்த நம்பிக்கை போனால் பக்கெற்றோடு போட்டி போட உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது ஞாபகம் இருக்கும். நமக்குச் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, அதனால் ஒரு கிலோ வாங்கவே வீடுகள் யோசித்தன. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எங்கள் பக்கத்து மில்காரர் ஒருவர், எந்த நேரம் மின்சாரம் இருக்கும் என்று தினமும் வாசலில் எழுதிவைப்பார். சாமான் கொண்டுவந்தவர்களை வெறுங்கையோடு காத்திருக்க விடமாட்டார். இப்போது எங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்டவாகப் புது மில் வந்துவிட்டது. நாங்கள் பழைய இடத்துக்குத்தான் போகிறோம், எங்கள் ஒழுங்கையில் பலரும் அப்படித்தான்.

சரி, நட்டஈட்டுக்கு வருகிறேன். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. மா கலந்தது என்றால் அது மெசினில் நடந்ததுதான், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தூளுக்குத் தனி மெசின் வைக்க வசதியில்லையென்றால், மா திரித்த பிறகு ஒரு பிடி மிளகாயைப் போட்டு ஓட்டி, அதை எடுத்துவிட்டுத் தூளைத் தொடங்குங்கள். நிறை விஷயத்தில் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். வறுக்கும்போதே ஈரம் போய்விடுகிறது, கொஞ்சம் மெசினில் ஒட்டும், கொஞ்சம் பறக்கும். ஆனால் இதைத் தூள் குறைந்த பிறகு சொன்னால் சாட்டுப் போலத்தான் கேட்கும். வாங்கும்போதே அவர் கண்முன்னே நிறுத்து, இவ்வளவு குறையும் என்று சொல்லிவிடுங்கள். மிளகாய் கருகியிருந்தால் திரிக்க முதல் எடுத்துக் காட்டுங்கள். சூடு ஆறாமல் கொண்டுவந்தால், ஆறட்டும் அம்மா, இல்லாவிட்டால் தூள் கட்டிபடும் என்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை. கூலியைக் குறைத்து ஆட்களைப் பிடிக்கப் போகாதீர்கள். அப்படி வருகிறவர் அடுத்த மில் இன்னும் குறைத்தால் அங்கே போவார்.

அந்த அம்மா திரும்பி வந்து சொன்னாரே, அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நம் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்கிறவர்கள் மிகக் குறைவு. பேசாமல் வேறு மில்லுக்குப் போய்விடுவார்கள், நமக்குக் காரணமே தெரியாது. அதே நாளில் மா கலந்த தூளைக் கொண்டுபோன வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

போகும்போது நிறை பற்றி வாதாட வேண்டாம். மகளுக்கான பார்சல் இன்னும் போகவில்லையென்றால், எங்கள் செலவில் சாமான் வாங்கித் தருகிறோம், உங்கள் பக்குவத்தில் வறுத்துத் தாருங்கள், கூலி இல்லாமல் திரித்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திருப்பி அனுப்பியவர் அவர், அவரே வாசலில் வந்து நின்றால்தான் அந்த அம்மாவுக்கு மனம் ஆறும்.