கையால் செய்த சாக்லேட்டுக்கும் கேள்வி உண்டு

கேள்வி: ஹாலோவீன் அன்று, அதாவது அக்டோபர் 31இல், எங்கள் தெருவில் நிறையப் பிள்ளைகள் வேஷம் கட்டி வந்து மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். இந்த முறை பெரிய கம்பெனி சாக்லேட் வேண்டாம், பக்கத்தில் கையால் செய்து விற்கும் சிறு கடையில் வாங்கலாம் என்றிருக்கிறேன். மகளோ, ‘விவசாயிக்கு நியாய விலை கொடுத்ததற்கான ஃபேர்ட்ரேட் முத்திரை இருக்கிறதா, பாருங்கள்’ என்கிறாள். உள்ளூர்க்காரர் செய்ததற்கு முத்திரை எதற்கு? ஒருநாள் கொண்டாட்டத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: யோசிக்கத்தான் வேண்டும். கடைக்காரர் உள்ளூர், கோகோ உள்ளூர் இல்லையே! உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. சிறு கடைக்காரர்களில் பலர் கோகோக் கொட்டையை வறுத்து அரைப்பதில்லை. பெரிய ஆலையிலிருந்து கட்டிச் சாக்லேட்டை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். அது குறைந்த வேலை என்று சொல்ல மாட்டேன், நல்ல கைத்திறன் வேண்டும். ஆனால் அந்தக் கோகோக் காயை உடைத்த கை யாருடையது என்பது அதிலிருந்து தெரியாது.

2001இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், நாடாளுமன்ற உறுப்பினர் எலியட் எங்கல் இருவரின் முயற்சியால் சாக்லேட் கம்பெனிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கோகோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை 2005க்குள் ஒழிப்பதாக வாக்கு. அது 2008 ஆனது, 2010 ஆனது. பிறகு இலக்கையே குறைத்து, ‘2020க்குள் 70 சதவீதம் குறைப்போம்’ என்றார்கள். அந்த 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, அந்த இரு நாடுகளிலும் கோகோ வேலையில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய 15.6 லட்சம். பெரும்பாலானோர் செய்வது ஆபத்தான வேலை: நீண்ட வெட்டுக்கத்தியால் காய் உடைப்பது, பூச்சிமருந்துக்கு நடுவே நிற்பது, தூக்க முடியாத சுமையைத் தூக்குவது. அங்கே முக்கிய அறுவடை தொடங்குவதும் அக்டோபரில்தான். உங்கள் தெருப் பிள்ளைகள் வேஷம் கட்டும் அதே வாரங்களில் அவர்கள் வயதுப் பிள்ளைகள் தோட்டத்தில் நிற்கிறார்கள். ஒருநாள் கொண்டாட்டம் என்று இதை எப்படி ஒதுக்குவது?

இதற்கெல்லாம் அடியில் இருப்பது விலை. கூலிக்கு ஆள் வைக்க முடியாத விவசாயி வீட்டுப் பிள்ளையைத்தான் இறக்குவார். ஃபேர்ட்ரேட் அமைப்பு 2019 அக்டோபரில் டன்னுக்குக் குறைந்தபட்ச விலையை 2,000 டாலரிலிருந்து 2,400 ஆக உயர்த்தியது. அதற்கு மேல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு 240 டாலர் என்றும் வைத்தது. சந்தை சரிந்தாலும் சங்கத்துக்கு ஒரு குறைந்தபட்ச விலை உறுதி, அதுதான் முத்திரையின் பலம். குறையும் உண்டு. ஆலையில் மற்றக் கோகோவோடு கலக்க விதி அனுமதிக்கிறது. வாங்கிய ஃபேர்ட்ரேட் கோகோவின் அளவும் முத்திரையோடு விற்கும் அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும். ஆகவே உங்கள் கையிலுள்ள துண்டு ஃபேர்ட்ரேட் தோட்டத்துக் கோகோவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எந்தத் தோட்டத்திலும் பிள்ளைகள் வேலை செய்யவில்லை என்பதற்கும் அது உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத சாக்லேட்டைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, கடைக்குப் போங்கள். ‘கோகோ எந்த நாடு? எந்தச் சங்கத்திடம் வாங்குகிறீர்கள்? என்ன விலை கொடுக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்பவர்களில் பலர் ஊர்ப் பெயரோடு சொல்வார்கள். அப்படிச் சொல்பவரிடம் முத்திரை இல்லாவிட்டாலும் தயங்காமல் வாங்குங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் முத்திரையுள்ளதை வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். கை நிறைய அள்ளிக் கொடுப்பதற்குப் பதில் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போயிற்று. அப்புறம் ஒன்று: எதை வாங்கினாலும் தனித்தனியாக உறையிட்டு, சேர்மானம் அச்சிட்டதாக இருக்கட்டும். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள். உறையில்லாததைப் பெற்றோர் வீட்டுக்குப் போனதும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.