மறு: செவ்ரான் தீர்ப்பு போய்விட்டதே, பழைய விதியை இனி விட்டுவிடலாமா?

டெக்சாஸில் 2021-இல் தொடங்கிய கம்பெனி, 2012-இல் வந்த ஃபெடரல் விதி கழுத்தை நெரிக்கிறது, "செவ்ரான் ரத்தாகிவிட்டது, இனி கண்டுகொள்ள வேண்டாம்" என்கிறார் பார்ட்னர். இதுதானே உங்கள் பிரச்சினை?

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். செவ்ரானை ரத்து செய்து 2024 ஜூன் 28-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தந்த லோப்பர் பிரைட் தீர்ப்பால் எந்த விதியும் தானாகச் செத்துவிடவில்லை. சட்ட வாசகம் தெளிவில்லாத இடத்தில் ஏஜென்சி (விதி போடும் அரசுத் துறை) சொல்லும் நியாயமான பொருளுக்கு நீதிமன்றம் தலையாட்ட வேண்டும் என்று 1984-இல் செவ்ரான் தீர்ப்பு கொண்டுவந்த வழக்கம்தான் போனது. செவ்ரானை வைத்து ஏற்கெனவே முடிந்த வழக்குகள் அப்படியே நிற்கும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் விதி முன்பே கோர்ட் ஏறி இறங்கியதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது மூன்று நாள் கழித்து வந்த கார்னர் போஸ்ட் தீர்ப்பு. வட டகோட்டாவில் 2018-இல் திறந்த ஒரு டிரக் ஸ்டாப், டெபிட் கார்டு கட்டணம் பற்றிய 2011 விதியை எதிர்த்தது. ஃபெடரல் விதியை எதிர்த்து வழக்குப் போட உள்ள ஆறு வருடக் கெடு, விதி வந்த நாளிலிருந்து இல்லை, வழக்குப் போடுபவர் பாதிக்கப்பட்ட நாளிலிருந்துதான் என்றது சுப்ரீம் கோர்ட். 2021-இல்தான் உங்களுக்கு முதல் அடி என்றால், 2027 வரை வாசல் திறந்திருக்கிறது. ஆனால் தூய காற்றுச் சட்டம் போன்ற சிலவற்றில் தனியாக 60 நாள் கெடு உண்டு. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அதுவரை விதிப்படியே நடங்கள். மீறிவிட்டு அபராத நோட்டீஸோடு வாதாடுவது வீண் வம்பு. வக்கீலைப் பார்க்கப் போகும்போது, இந்த விதிக்காக முதன்முதலில் செலவழித்த இன்வாய்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். தேதிதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.