ஹாரிசனின் ஐந்து விநாடிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜான் ஹாரிசனைப் பற்றிப் பேசவிருக்கிறேன். ஒரு காணொளியில் பார்த்தேன்: தச்சு வேலை செய்தவர், முறையான படிப்பில்லாதவர், கடலில் தீர்க்கரேகை காண ஒரு கடிகாரம் செய்தார். 81 நாட்களில் அது ஐந்தே விநாடிதான் பிசகியது. ஆனால் வானியலாளர் மாஸ்கலின் பொறாமையால் அவருக்குப் பரிசு கிடைக்கவிடாமல் செய்தார். மாஸ்கலின் உண்மையிலேயே வில்லன்தானா? படிக்காத மேதைகளுக்கு உதாரணமாக ஹாரிசனைச் சொல்லலாமா? கடிகாரமே இல்லாமல் கடல் கடந்த நம் சோழர்களின் சாதனை இதைவிடப் பெரியது இல்லையா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை, தூத்துக்குடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்புக்குப் போகுமுன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு முதலில் என் அன்பு. பலருக்கு அது தோன்றுவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ‘ஐந்தே விநாடி’. கொஞ்ச நாளாகவே அதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

சோழர் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். பருவக்காற்றின் மாதம் அறிந்து, விண்மீனின் உயரம் பார்த்து, தலைமுறைகளாகப் பழகிய தடத்தில் போனவர்கள் அவர்கள். அவர்கள் தீர்த்த கணக்கு வேறு. இரண்டையும் தராசில் வைத்தால் இரண்டுமே பிள்ளைகளுக்குப் புரியாமல் போகும்.

படிக்காத மேதை என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து வகுப்பறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கலஸ் சாண்டர்சனின் இயற்பியல் விரிவுரைகளின் கைப்பிரதி ஒன்று ஹாரிசனுக்கு இளவயதில் இரவலாகக் கிடைத்தது. அதை முழுக்கத் தன் கையால் எழுதிப் பிரதியெடுத்துக்கொண்டவர் அவர். லண்டனுக்கு வந்தபோது அந்நகரின் தலைசிறந்த கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம் அவருடைய வரைபடங்களைப் பார்த்துவிட்டுக் கடன் கொடுத்து அனுப்பினார். பட்டம் இல்லாதவர் என்று சொல்லுங்கள், சரி. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் படிப்பில்லாமலே இதெல்லாம் நடக்கும் என்று சொல்வது பொய், அதுவும் கெடுதல் செய்யும் பொய்.

இப்போது அந்த ஐந்து விநாடி.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கப்பல் நிற்கும் இடத்தின் நேரம் தெரிந்து, அதே கணத்தில் கிரீன்விச் நேரமும் தெரிந்தால் வித்தியாசம்தான் தீர்க்கரேகை. உள்ளூர் நேரத்தைச் சூரியன் சொல்லும். கிரீன்விச் நேரத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கடிகாரம் வேண்டும். 1714 ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், மேற்கிந்தியத் தீவுகள்வரை போய் அரை டிகிரிக்குள் தீர்க்கரேகை சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு அறிவித்தது. அரை டிகிரி என்றால் இரண்டு நிமிடம். ஆறு வாரப் பயணத்துக்கு வகுத்தால் நாளுக்கு மூன்று விநாடிகூட இல்லை.

ஹாரிசனின் நான்காவது கடிகாரம், எச்4, 13 சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. 1761 நவம்பரில் மகன் வில்லியம் அதை டெப்ட்ஃபோர்ட் என்ற கப்பலில் ஜமைக்காவுக்கு எடுத்துப்போனார். போர்ட்ஸ்மத்தில் நேரம் பார்த்து வைத்ததிலிருந்து ஜமைக்காவில் ஒப்பிட்டதுவரை 81 நாள். அங்கே முள் காட்டிய நேரம் ஐந்து விநாடியா பிந்தியிருந்தது? இல்லை. மூன்றரை நிமிடத்துக்கும் மேல்.

கிளம்பும்போதே அது மெதுவாக ஓடும் கடிகாரம். மூன்று நாளுக்கு 8 விநாடி பிந்தும். 81 நாளுக்கு 216 விநாடி. இந்த 216 விநாடியைக் கணக்கில் சேர்த்த பிறகு மிஞ்சியதுதான் ஐந்து விநாடி. சேர்க்காமல் முள்ளை மட்டும் நம்பியிருந்தால் அரை டிகிரி எல்லையைத் தாண்டிவிடும், இருபதாயிரம் பவுண்டு கிடையாது. உங்கள் காணொளி விட்டுவிட்ட இடம் இதுதான். விட்டதால் ஹாரிசனின் சாதனையின் உயிரே போய்விட்டது.

கடலுக்குப் போகும் கடிகாரம் சரியான நேரம் காட்ட வேண்டியதில்லை. அது தவறும் அளவு நாள்தோறும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. நாளுக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை மாலுமிகள் ரேட் என்றார்கள். நம் வீடுகளில் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தாலும் யாரும் பஸ்ஸைத் தவறவிடுவதில்லையே, அந்தப் பத்து எல்லாருக்கும் தெரியும். கப்பலில் கூடுதலாக ஒரு படி: அந்தப் பத்து தினமும் ஒரே அளவில் வளரும் அல்லது குறையும்.

ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். மார்ச் 1 அன்று கடிகாரம் 2 நிமிடம் 10 விநாடி முந்தியிருக்கிறது. ரேட், நாளுக்கு ஒன்றரை விநாடி பிந்துதல். நாற்பது நாள் கழித்து 60 விநாடி கழிந்து 70 விநாடி முந்தியிருக்க வேண்டும். முள் காட்டுவதிலிருந்து 70 விநாடியைக் கழித்தால் கிரீன்விச் நேரம். இனி அதே கடிகாரம் வழியில் யாருக்கும் தெரியாமல் நாளுக்கு இரண்டரை விநாடி பிந்தத் தொடங்கியது என்று வையுங்கள். நாற்பது நாளில் 40 விநாடி பிசகு, அதாவது தீர்க்கரேகையில் 10 நிமிடக் கோணம். நிலநடுக்கோட்டில் பத்துக் கடல் மைல். இருட்டில் பாறைக்கரையை நெருங்கும் கப்பலுக்குப் பத்து மைல் போதும். நாளுக்கு இருபது விநாடி ஒழுங்காகப் பிந்தும் கடிகாரத்தால் இந்த ஆபத்து இல்லை. நாளுக்கு ஒரு விநாடி தடுமாறும் கடிகாரத்தால் உண்டு.

ரேட்டைக் கெடுப்பவற்றில் பெரியது வெப்பம். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்துக்குச் சமன்சக்கரம் என்று பெயர். அதை ஆட்டும் எஃகு வில்சுருள் சூட்டில் தளரும். ஈடுசெய்யும் அமைப்பு இல்லாத கடிகாரம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்குச் சுமார் 10 விநாடி பிந்தும். இங்கிலாந்தின் குளிரிலிருந்து ஜமைக்காவின் சூட்டுக்கு 20 டிகிரி வித்தியாசம் வைத்தாலும் நாளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். ஹாரிசன் பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்துத் தறைந்தார். சூட்டில் பித்தளை அதிகம் நீள்வதால் பட்டை வளையும். வளையும் முனை வில்சுருளின் வேலை செய்யும் நீளத்தைக் குறைக்கும். இன்று உங்கள் பள்ளிக்கூட இஸ்திரிப்பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் இருப்பது அதே ஈருலோகப் பட்டை.

அடுத்தது விசை. முதன்மை வில் சாவி கொடுத்ததும் பலமாகத் தள்ளும், தளரத் தளரப் பலம் குறையும். எச்4 உள்ளே ஒரு சிறிய வில் வைத்து, முதன்மை வில் அதை ஏழரை விநாடிக்கு ஒருமுறை மீண்டும் முறுக்கும்படி செய்தார். சமன்சக்கரத்துக்குப் போகும் விசை ஒரே அளவாக இருக்கும். சாவி கொடுக்கும் நேரத்தில்கூடக் கடிகாரம் நிற்காமலிருக்கத் தனி ஏற்பாடு. மூன்றாவது எண்ணெய். அது காலப்போக்கில் தடிக்கும். அவருடைய பழைய மரக்கடிகாரங்களில் தானே எண்ணெய் கசியும் லிக்னம் வைட்டே மரத்தைப் பயன்படுத்தி எண்ணெயையே ஒழித்தவர், எச்4 இல் முடியாமல் எண்ணெய்க்கு இறங்கிவந்தார்.

இவ்வளவும் ரேட்டை மாறாமல் வைக்க. இதில் எதுவும் ‘சரியான நேரத்துக்காக’ இல்லை.

கப்பலில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள், காணொளிகளில் இது வராது. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கரையில் ஒரு தட்டில் பாதரசத்தை ஊற்றிச் சூரியனின் பிம்பத்தைச் செக்ஸ்டன்ட் என்ற கோணமளக்கும் கருவியில் பார்த்து, காலையிலும் மாலையிலும் ஒரே உயரம் வரும் நேரங்களைக் குறிப்பார்கள். நடுவே விழுவது உச்சி வேளை, அதில் ஒரு சிறு திருத்தம். இதைச் சில நாட்கள் விட்டுத் திரும்பச் செய்தால் ரேட் கிடைக்கும். புறப்பட்ட பிறகு முள்ளைத் தொடவே கூடாது. தினமும் ஒரே மணிக்கு, ஒரே ஆள், அதே எண்ணிக்கைச் சுற்று சாவி. மேல்தளத்துக்கு அதை எடுத்துப்போகக் கூடாது. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டு மேலே போக வேண்டும். இன்னொன்று: கடலில் தீர்க்கரேகைக்காக உச்சி வேளையைப் பார்ப்பதாக எல்லாரும் எழுதுகிறார்கள். உச்சியில் சூரியன் ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை, நேரத்தைப் பிடிக்க அதைவிட மோசமான கணம் கிடையாது. கிழக்கிலோ மேற்கிலோ சூரியன் வேகமாக ஏறி இறங்கும் நேரத்தில் உயரம் அளந்து, அட்சரேகையைக் கொண்டு கணக்குப் போடுவார்கள்.

ஒரே ஒரு கடிகாரத்தின் ரேட் மாறினால் கடலில் தெரியாது. இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று மாறியது தெரியும், எது என்று தெரியாது. ஆகவே மூன்று. டார்வின் போன பீகிள் கப்பல் 1831 இல் 22 குரோனோமீட்டர்களோடு, அதாவது கடல் கடிகாரங்களோடு புறப்பட்டது. தொங்கு வளையங்களில் பொருத்தி, மரத்தூள் பரப்பில் வைத்து, தினமும் சாவி கொடுக்கவே ஒருவர். ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பியபோது பாதிதான் நல்ல நிலையில் இருந்தன. ஹாரிசனுக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலை!

சென்னைக்கும் இதில் பங்குண்டு. தீர்க்கரேகை நிச்சயமாகத் தெரிந்த துறைமுகம் இருந்தால்தான் கப்பல் தன் கடிகாரத்தைச் சரிபார்க்க முடியும். 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியபோது வானியலோடு புவியியலையும் கடற்பயணத்தையும் நோக்கமாகச் சொன்னது. கருவி நின்ற கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது.

மாஸ்கலினுக்கு வருகிறேன். ஜமைக்காவின் தீர்க்கரேகையே சரியாகத் தெரியாதபோது ஐந்து விநாடி என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று, பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகை வாரியம் கேட்டது. அது நியாயமான கேள்வி. 1764 இல் பார்படோஸ் பயணத்துக்கு முன் ஹாரிசன் தரப்பு ரேட்டை எழுதியே கொடுத்தது. 47 நாளில் பிசகு 39 விநாடி, பத்துக் கடல் மைலுக்குள். பரிசுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு நல்ல முடிவு. அதன் பிறகும் வாரியம் கடிகாரத்தைப் பிரித்துக் காட்டு, இன்னும் செய்து காட்டு என்று இழுத்ததுதான் அநியாயம். முழுத் தொகையைத் தரவே இல்லை. 1773 இல், அவரது எண்பதாவது வயதில், அரசர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவோடு பாராளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது.

1766 முதல் பத்து மாதம் கிரீன்விச்சில் மாஸ்கலின் எச்4 ஐச் சோதித்தார். ஒரு மணி பத்து நிமிடம் முந்தியது. நாளுக்குச் சராசரி 14 விநாடி. பிரித்துக் காட்டிய பிறகு திரும்பச் சீராக்காத கடிகாரம் அது. 14 ஐப் பார்த்துச் சிரிப்பவர்கள் மேலே எழுதிய எதையும் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் ரேட்டும் நிலையாக நிற்கவில்லை, அதை மறைக்காதீர்கள். நிலவுக்கும் விண்மீனுக்கும் உள்ள கோணத்தை அளக்கும் போட்டி முறைக்காக வாழ்ந்தவர் மாஸ்கலின். அவரை நடுவராக வைத்தது தவறு. ஆனால் அவர் வெளியிட்ட 1767 ஆம் ஆண்டுக்கான கடற்பயணப் பஞ்சாங்கத்தால் அந்த முறையில் பல மணி நேரக் கணக்கு அரை மணியாகக் குறைந்தது. கடலோடி கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில், கடிகாரக்காரர் கெண்டல் செய்த எச்4 இன் நகல் சென்றபோது, அதன் ரேட்டை வழியில் சரிபார்க்கத் துணை நின்றது நிலவு முறை. வில்லன் வேண்டுமென்றால் பிள்ளைகள் வேறெங்காவது தேடட்டும்.

பேச்சோடு நிறுத்தாதீர்கள். பழைய சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் இரண்டு கிடைக்குமா பாருங்கள். தினமும் காலை வழிபாட்டு மணிக்கு அதே பிள்ளை அதே சுற்று சாவி கொடுக்கட்டும், கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு விநாடி வித்தியாசத்தைச் சுவரில் எழுதட்டும். முள்ளை யாரும் திருத்தக் கூடாது. பத்து நாளில் ரேட் பிடித்து, இருபதாம் நாள் வித்தியாசத்தை முன்கூட்டி எழுதி உறையில் ஒட்டுங்கள். இரண்டில் ஒன்றைப் பதினோராம் நாளிலிருந்து வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். இருபதாம் நாள் உறையைப் பிரித்ததும் இரண்டு கடிகாரங்களின் எண்களையும் எனக்கு எழுதுங்கள்.