மாமியாருக்குச் சம்பளமா? அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்சண்டைசர் வேலை, கைக்கு 31,000 ரூபாய் வருகிறது. கணவருக்கு 28,000. இரண்டு பெண் குழந்தைகள், வயது 7, 3. நான் வேலைக்குப் போக முடிவதே அத்தையால்தான் (மாமியார், வயது 61). பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், சின்னவள் பிறந்ததும் அதை விட்டுவிட்டார். நாத்தனாருக்கு வயது 38, கணவரை இழந்தவர். ஒரே மகன் பத்தாவது படிக்கிறான். அதே தெருவில் வீட்டிலேயே தைக்கிறார். எனக்கு ஷிப்மென்ட் நாள் என்றால் குழந்தைகளுக்கு இரவுச் சாப்பாடு அவர் வீட்டில்தான். 2021இல் வீடு கட்டியபோது தன்னுடைய 6 பவுனைத் தந்தார். அதைக் கணவர் பெயரில் வங்கியில் 1,50,000 ரூபாய்க்கு அடகு வைத்து, வருடாவருடம் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிறோம். அத்தைக்கு மாதம் 3,000 ரூபாய் கையில் தருகிறேன். இரண்டு பேருக்கும் முறையாக ஏதாவது செய்ய நினைக்கிறேன், மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும். கணவர், "அம்மாவுக்குச் சம்பளமா?" என்கிறார். அத்தை, "எனக்கெதுக்கு, குழந்தைங்க பேர்ல போடு" என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கணவர் கேட்டதில் தப்பில்லை. பெற்ற தாய்க்குச் சம்பளம் என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், கணக்கை மட்டும் பார்ப்போம். அத்தை விட்டுவந்த வேலைக்குக் கூலி இருந்தது, இப்போது பார்க்கிற வேலைக்கு இல்லை. நீங்கள் தரும் 3,000 ரூபாயும் பேத்திகளுக்கு முறுக்கு, பென்சில், ஆட்டோ என்று உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதுதான் கதை. அவர் பெயரில் எதுவும் சேரவில்லை என்பதுதான் உண்மை நிலவரம்.

ஆனாலும் நான் முதலில் கை வைப்பது நாத்தனாரின் நகையில். அடகு ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆரம், வளையல் என்று உருப்படி, மொத்த எடை, கல் கழித்த எடை, எல்லாம் இருக்கும். யாருடைய நகை என்பது மட்டும் இருக்காது. வங்கியைப் பொறுத்தவரை அது உங்கள் கணவர் வைத்த நகை. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், வங்கி நகையை அவருடைய வாரிசுகளிடம்தான் தரும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வரிசை வாரிசுகள் நீங்கள், குழந்தைகள், அத்தை. உடன்பிறந்த அக்கா அந்த வரிசையில் இல்லை. தன் நகைக்காக நாத்தனார் உங்கள் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் மறுக்க மாட்டீர்கள், சரி. அவர் கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லையே.

ஆகவே இந்த வாரமே ஒரு வெள்ளைத்தாளில், ரசீதில் உள்ள உருப்படிகளை எடையோடு எழுதி, "இவை என் அக்காவுக்குச் சொந்தமானவை, மீட்டு நகையாகவே திருப்பித் தருவேன்" என்று உங்கள் கணவர் கையெழுத்துப் போடட்டும். சாட்சியாக நீங்களும் அத்தையும். அந்தத் தாளும் ரசீதின் நகலும் நாத்தனார் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் அல்ல. "நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்" என்று அவரே சொல்வார். பத்தாவது படிக்கிற மகனுக்காக என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்வார்.

"நகையாகவே" என்று எழுதச் சொன்னது காரணமாகத்தான். 2021இல் பவுன் 36,000 ரூபாய் அளவில் இருந்தது. இன்று அதன் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. வாங்கிய கடன் ஒன்றரை லட்சம்தான், ஆனால் நாத்தனாருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் 6 பவுன். அடுத்த முறை மாற்றி வைக்கப் போகும்போது, "விலை ஏறியிருக்கு, இதே நகைக்கு இன்னும் கூடவே கிடைக்கும்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏறியது அவருடைய சொத்தின் மதிப்பு. அதன்மேல் நீங்கள் கடன் வாங்குவது நியாயமில்லை.

வட்டி 9% என்று வைத்தால் வருடத்துக்கு 13,500 ரூபாய் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. வரும் தீபாவளி போனஸில் இருவருமாக 40,000 ரூபாயை அசலில் கட்டிவிட்டு, பிறகு மாதம் 6,000 ரூபாய் கட்டினால் ஏறக்குறைய 20 மாதத்தில் கடன் தீரும். மாற்றி வைக்கும்போது ஒரே கடனாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைக்கக் கேளுங்கள். சின்னக் கடனை முதலில் முடித்தால் இரண்டு வளையலாவது சீக்கிரம் அவர் கைக்கு ஏறும். நாத்தனார் பெயரிலேயே மாற்றி வைத்தால் நகைக்குப் பாதுகாப்பு இன்னும் கூடும். ஆனால் கடனும் அவர் பெயருக்குப் போகும், அதனால் அவர் முழுச் சம்மதத்தோடு மட்டும்.

நாத்தனாருக்கு இன்னொன்று, இது தள்ளிப்போடக் கூடாதது. அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயது வரைதான் சேரலாம். 38 வயதில் சேர்ந்தால் மாதம் 720 ரூபாய். 60 வயதிலிருந்து மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம், அவருக்குப் பின் நாமினிக்கு 5.1 லட்சம். 39 ஆகிவிட்டால் அதே ஓய்வூதியத்துக்கு 792 ரூபாய். வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது. தையல் வருமானத்தில் அவருக்கு அந்தச் சிக்கல் வராது. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே பிடிக்கும்படி செய்து, 720 ரூபாயை நீங்கள் அதில் போட்டுவிடுங்கள். நாமினி மகன்.

இனி அத்தை. மிச்சமிருக்கும் பணத்தில் 3,000 ரூபாய்க்கு அஞ்சலகத்தில் அவர் பெயரில் 5 வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). தற்போதைய 6.7% வட்டியில் முடிவில் சுமார் 2,14,000 ரூபாய் வரும். அதில் 2 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இன்றுள்ள 8.2% அன்றும் இருந்தால், மூன்று மாதத்துக்கு 4,100 ரூபாய் வட்டி. நகைக் கடன் முடிந்ததும் அந்த 6,000 ரூபாயில் ஒரு பங்கையும் இந்தப் பக்கம் திருப்புங்கள். வீட்டுச் செலவுக்குத் தரும் 3,000 ரூபாயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

மருமகள் மாமியாருக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது. அதில் வரும் வட்டியும் மாமியாரின் வருமானம்தான். மாமியார் கொடுத்து மருமகள் பெயரில் போட்டால் கதை வேறு: அந்த வட்டி மாமியாரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.

"குழந்தைங்க பேர்ல போடு" என்பதற்கு மட்டும் மசியாதீர்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கை எப்படியும் பாட்டி தொடங்க முடியாது, பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க வேண்டும். பேத்திகளுக்குச் சேர்ப்பது உங்கள் இருவர் பொறுப்பு. அத்தையின் பணம் அத்தைக்கு. இன்னொன்றும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்: உயில் இல்லாவிட்டால் அந்தப் பணம் அவர் மகனுக்கும் மகளுக்கும் (மாமனார் இருந்தால் அவருக்கும்) சமபங்காகப் போகும். மருமகளுக்கு அதில் பங்கில்லை. நாமினியாக நாத்தனாரைப் போடச் சொல்வேன். ஆனால் முடிவு அத்தையுடையது, அவரையே கேளுங்கள்.

மூவரும் விபத்துக் காப்பீடான சுரக்ஷா பீமாவில் சேருங்கள், வருடத்துக்கு 20 ரூபாய், 70 வயது வரை உண்டு. ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதி வருடம் 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும் என்பதால் உங்களுக்கும் நாத்தனாருக்கும் மட்டும்.

அஞ்சலகத்துக்கு அத்தையைக் கணவரே அழைத்துப் போகட்டும், சம்பளப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். படிவத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் தன் எண்ணை எழுதிவிடப் போகிறார், அத்தையின் எண்ணை எழுதச் சொல்லி அனுப்புங்கள். பாஸ்புக்கும் அவரிடமே இருக்கட்டும்.