டெர்மினலில் நடந்ததை எழுதி வைப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ்தான். "நீ லீவு போட்டாலும் வேறு ஆள் பார்க்கிற மாதிரி எல்லாத்தையும் எழுதி வை" என்று முதலாளி சொல்லிவிட்டார். டெர்மினலில் (கட்டளைகளை டைப் அடிக்கும் திரையில்) அடிக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டுகிறேன், முடியவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: முதலில் ஸ்க்ரீன்ஷாட்டை நிறுத்துங்கள். படத்துக்குள் தேட முடியாது, கட்டளையை எடுத்து ஒட்டவும் முடியாது, அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்து எங்காவது ஒரு புள்ளியை விட்டுவிடுவார்.

'ஸ்கிரிப்ட்' என்றே ஒரு கட்டளை இருக்கிறது, லினக்ஸுக்கு முந்தைய பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் காலத்துச் சரக்கு. அதோடு ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வேலையைப் பாருங்கள். நீங்கள் அடிப்பது, அதற்கு வரும் பதில், பிழைச் செய்தி எல்லாம் அதில் விழும். 'எக்ஸிட்' அடித்தால் பதிவு முடிந்தது. பெயர் கொடுக்காவிட்டால் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற கோப்பில் சேமிக்கும், மறுநாள் அதன் மேலேயே எழுதிவிடும், அதனால் தேதியைப் பெயராக வையுங்கள்.

கோப்பை எடிட்டரில் திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கும். நிறத்துக்கான குறிகளும், நீங்கள் தப்பாக அடித்து அழித்ததும்கூட அதில் இருப்பதுதான் காரணம். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' கட்டளையில் சிறு கோடு போட்டுப் பெரிய 'ஆர்' (-R) சேர்த்தால் ஓரளவு படிக்கலாம். பதிவு ஓடும்போது 'விம்' போன்ற முழுத்திரை எடிட்டரை மட்டும் திறக்காதீர்கள், குப்பைதான் மிஞ்சும்.

பாஸ்வேர்டு விஷயம் முக்கியம். கேட்கிற இடத்தில் அடிக்கும் பாஸ்வேர்டு திரையில் வராது, சாதாரணமாகப் பதிவிலும் வராது. ஆனால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே சேர்த்து அடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறதே, அது அப்படியே பதிவாகும். கோப்பை யாரிடமும் கொடுப்பதற்கு முன் தேடி எடுத்துவிடுங்கள்.

அப்புறம், செட்டிநாட்டுக் கடையில் இருக்கிற உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்: இந்தப் பதிவு சிட்டைதான் (அன்றாடக் குறிப்பு), பேரேடு (தரம் பிரித்து எழுதிய கணக்கு) இல்லை. அன்றன்று நடந்தது நடந்தபடி கிடக்கிறது, தப்பான கட்டளைகளும் சேர்த்து. வேலை செய்த கட்டளைகளை மட்டும் பொறுக்கி, எந்தப் பயனராக, எந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு அடிக்க வேண்டும், பதிலில் எந்த வரி வந்தால் சரி என்று நீங்கள்தான் எழுத வேண்டும். முழு வெளியீடும் வேண்டாம், தேவையான நாலு வரி போதும்.

கேள்வி: விண்டோஸில் இதற்கு வழி இருக்கிறதா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: இருக்கிறது. விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லில் 'ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட்' அடித்து ஆரம்பியுங்கள், 'ஸ்டாப்-டிரான்ஸ்கிரிப்ட்' அடித்து முடியுங்கள். இடம் எதுவும் சொல்லாவிட்டால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும்.